3500 சொல்லும் எங்க ஊட்டு ஒறம்பரையும்



காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ‘ஐ.இ.எல்.டி.எஸ்.’, ‘ஜி.ஆர்.இ.’, ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ போர்டுதான். அந்தக் காய்ச்சல் இப்போது நம் வகுப்புக்கும் வந்துவிட்டது. ஒரு சின்ன நோட்டு, அதில் நாளைக்கு இருபது கடினச் சொல். மத்தியான இடைவேளையில் ஒருத்தன் சொல்லைச் சொல்ல, இன்னொருத்தன் அர்த்தத்தை ஒப்பிக்கிறான். ஆர்வம் நல்லதுதான். ஆனால் இந்த முறை சரிதானா?

மனப்பாடமே தப்பு என்று நான் சொல்ல வரவில்லைங்க. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தவர்கள்தானே! மண்டல புருடர் எழுதிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களைச் சொல்வது. அதை எதுகை வரிசையில், செய்யுளாகவே அமைத்திருக்கிறார். நாக்கில் தானாக ஏறிவிடும். முக்கியமான விஷயம், அவர்கள் நிகண்டோடு நிற்கவில்லை. அதை வைத்துக்கொண்டு இலக்கியம் படித்தார்கள். நம்ம நோட்டுச் சொல்லோ நோட்டிலேயே கிடக்கிறது.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ஆங்கில வினாத்தாளில் மூன்று சினானிம், மூன்று ஆன்டனிம் வருகிறது. அந்த ஆறு மார்க்கைக் குறி வைத்தே படிப்பதால், ‘இந்தச் சொல்லும் அந்தச் சொல்லும் ஒண்ணு’ என்ற எண்ணம் நமக்கு ஊறிவிட்டது. அப்படி ஒண்ணாக இருக்கிற சொல் எந்த மொழியிலும் குறைவு. நம் பக்கத்து ‘ஒறம்பரை’யையே எடுத்துக்கொள்ளுங்கள். அகராதி விருந்தாளி என்று சொல்லலாம். ஆனால் லோன் விஷயமாக வீட்டுக்கு வந்து காப்பி குடித்துப் போகிற பேங்க்காரரை யாராவது ஒறம்பரை என்போமா? மாமனும் அத்தையும் பையோடு வந்து இறங்கினால்தான் அது ஒறம்பரை. இங்கிலீஷிலும் அப்படியே. ‘ஃபேமஸ்’ என்றாலும் ‘நொட்டோரியஸ்’ என்றாலும் ஊரறிந்தவர்தான். அதற்காக ஆண்டு விழாவில் சீஃப் கெஸ்ட்டை ‘நொட்டோரியஸ் டாக்டர்’ என்று வரவேற்றுப் பாருங்கள், தெரியும்!

எங்க வீதியில் நர்சிங் முடித்த ஒரு அக்கா இங்கிலாந்து போக ஐ.இ.எல்.டி.எஸ். படிக்கிறார். அங்கே நர்சாகப் பதிவு செய்ய இந்தப் பரீட்சை வழியாகப் போனால் கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5 வேண்டும். எழுத்துக்கும் பேச்சுக்கும் நான்கு அளவுகோல் வைத்து மார்க் போடுகிறார்கள். சொல்வளம் அதில் ஒன்று, அதாவது கால் பங்கு. அந்தக் கால் பங்கிலும் பெரிய சொல்லா என்பதை மட்டும் பார்ப்பதில்லை, பொருந்துகிற சொல்லா என்றும் பார்க்கிறார்கள். பொருந்தாத பெரிய சொல் மார்க்கைக் குறைக்கத்தான் செய்யும். ஜி.ஆர்.இ.க்குப் படித்த அண்ணன்கள் ஒரு காலத்தில் பாரன்ஸ் புத்தகத்தின் 3500 சொல் பட்டியலைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். எதிர்ச்சொல் கேள்வியை அந்தப் பரீட்சையே 2011-இல் எடுத்துவிட்டது. இப்போது வாக்கியத்தைக் கொடுத்து, கோடிட்ட இடத்தில் எது பொருந்தும் என்றுதான் கேட்கிறார்கள்.

“தமிழ் மீடியத்துக்கு இதெல்லாம் வராதுப்பா” என்று சிலர் சொல்வதுதான் எனக்குக் கோபம். பகுபத உறுப்பிலக்கணத்தில் பகுதி, விகுதி பிரித்து மார்க் வாங்குகிறவர்கள் நாம். அதே கத்தியை இங்கிலீஷ் சொல்லில் வைத்துப் பாருங்களேன். லத்தீனில் ‘பெனெ’ என்றால் நல்ல முறையில், ‘மலெ’ என்றால் கெட்ட முறையில். ‘வொலன்ட்’ பகுதி விருப்பத்தைக் குறிக்கும். ‘பெனெவொலன்ட்’ நல்லது நினைப்பவர், ‘மலெவொலன்ட்’ கெடுதல் நினைப்பவர். பெனிஃபிட் முதல் கூட்டம், மால்நியூட்ரிஷன் இரண்டாம் கூட்டம். நம்ம மலேரியாவும் இரண்டாவதுதான்! இத்தாலி மொழியில் அது ‘கெட்ட காற்று’. கெட்ட காற்றால் வருகிற காய்ச்சல் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். கொசுதான் காரணம் என்பதற்கு ரொனால்ட் ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் தடயம் கண்டுபிடித்தும் பழைய பெயர் போகவில்லை. இரண்டே வேரில் எத்தனை சொல் வந்துவிட்டது பாருங்கள். இருபது சொல் நோட்டில் இந்த சுகம் உண்டா?

இன்னொன்று. ‘கேட்டமரான்’ நம்ம கட்டுமரம், ‘மல்லிகடானி’ சூப் நம்ம மிளகுத் தண்ணி. நம் சொல்லே அங்கே போய் ஒறம்பரையாக உட்கார்ந்திருக்கும்போது, அந்த வீட்டுக்குள் போக நமக்கு என்ன கூச்சம்?

ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரா வாரம் வைக்கிற ஹார்ட் வேர்ட்ஸ் டெஸ்டில் அர்த்தம் கேட்பதை விட்டு, சொந்த வாக்கியம் கேளுங்கள் ஐயா. நாற்பது பேர் வாக்கியத்தையும் திருத்த நேரம் ஏது என்பீர்கள், நியாயம்தான். இருபது சொல்லுக்குப் பதிலாக ஐந்து கொடுங்கள். முதல் திருத்தத்தைப் பக்கத்து பெஞ்சே செய்யட்டும், சந்தேகம் வருவது மட்டும் உங்கள் மேசைக்கு வரட்டும்.

- பிளஸ் டூ மாணவன், ‘ஆ’ பிரிவு