சீசன் தெரியும், சிற்றாறு தெரியாது

குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் "ஐந்தருவியில தண்ணி விழுதா?" என்று விசாரிக்கிறோம். விழுந்த தண்ணீர் எங்கே போகிறது என்று நாம் விசாரித்ததே இல்லை. பழத்தோட்டத்துக்கு மேலிருந்து இறங்கி ஐந்து கிளையாக விழும் அந்தத் தண்ணீர் சிற்றாற்றில்தான் சேர்கிறது. குற்றாலமலையில் பிறந்து, தென்காசியைக் கடந்து, வழியில் அனுமன் நதி போன்ற துணையாறுகளையும் சேர்த்துக்கொண்டு, சுமார் 80 கிலோமீட்டர் ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது சிற்றாறு. தலையணை முதல் கங்கைகொண்டான் வரை அதில் 17 அணைக்கட்டுகள். அவற்றில் ஐந்தின் பெயரைக்கூட நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது.

ஓர் ஆற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, ஜெர்மனியின் ரூர் பகுதியில் எம்ஷர் என்று ஓர் ஆறு உண்டு. நீளமும் ஏறக்குறைய நம் சிற்றாற்றின் அளவுதான். நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பாலைகளும் பெருகியபோது அதைத் திறந்தவெளிச் சாக்கடையாக்கிவிட்டார்கள். சுரங்கத்தால் தரை உள்வாங்கும், மண்ணுக்கடியில் பதித்த குழாய் உடையும் என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள். சுரங்கத் தொழில் குறைந்தபின் 1992இல் மீட்பு வேலை தொடங்கியது. ஆற்றில் கழிவுநீர் கலப்பது நின்றது 2021இன் கடைசியில்தான்.

நம் ஆற்றைக் கெடுத்ததற்கு நாம் என்ன காரணம் சொல்வது? இங்கே சுரங்கமும் இல்லை, உருக்காலையும் இல்லை. குற்றால சீசன்தான் நம்முடைய ஆலை. கடை, விடுதி, ஆட்டோ, மாலிஷ் என்று அதை வைத்துத்தான் பிழைக்கிறோம். அதன் கழிவான எண்ணெய், சோப்பு நுரை, ஷாம்பு உறை, பழைய துணி எல்லாவற்றையும் ஆற்றோடு விட்டோம். அருவியில் சோப்பும் எண்ணெயும் கூடாது என்று சொல்வதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரவேண்டியிருந்தது. தனியார் விடுதிகள் ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி கட்டிய விவகாரமும் 2022இல் அதே நீதிமன்றத்துக்குத்தான் போனது. அதுவரை வேடிக்கை பார்த்தோம். அங்கே காசு கொடுத்துக் குளித்தவர்களும் நம்மில் உண்டு.

தென்காசி வீடுகளின் சாக்கடை ஆற்றில் இறங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டே யானைப்பாலத்தைக் கடக்கிறோம். அதே தண்ணீர்தான் கீழே உள்ள அணைக்கட்டுகள் வழியாக வயலுக்கும் குளத்துக்கும் பாய்கிறது. தனி மாவட்டம் வேண்டும் என்று கேட்டு 2019இல் வாங்கினோம். அந்தக் குரலில் பாதியைக்கூட ஆற்றுக்காக எழுப்பவில்லை.

எம்ஷரை மீட்க ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின. சிற்றாறு இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடாதீர்கள் என்று நகராட்சியிடமும் பேரூராட்சியிடமும் இப்போதே கேட்போம். கேட்கும் முன் நம் வீட்டுக் குழாயும் நம் விடுதிக் குழாயும் எங்கே போய் முடிகின்றன என்று பார்ப்போம்.