கடலை போடுவோமா?

கேன்டீன்ல கடலை போடுறதுல நீங்க கில்லாடின்னு தெரியும் பாஸ். நான் சொல்றது வேற. நிஜக் கடலையே கொண்டுபோய் ஒரு மூன்றாம் வகுப்பு அறையில, கண்ணாடித் தொட்டிக்குள்ள போடுறது!

என்.எஸ்.எஸ்.ல இருக்கிற ஒரு தம்பி கேட்டார். ஆரம்பப் பள்ளிக்கு வெள்ளையடிச்சாச்சு, மரக்கன்று நட்டாச்சு, அடுத்து பவளப்பாறை மாதிரி ஒரு கடல் தொட்டி வைக்கலாமான்னு. தாராளமா வைக்கலாம். ஆனா, அதுக்கு முன்னாடி நாங்க சொதப்பின கதையைக் கேளுங்க.

ஃபைனல் இயர். நாலு பேர், நூறு லிட்டர் தொட்டி. சனிக்கிழமை உப்பு கரைச்சோம். ஞாயிறு பம்ப் ஓடுச்சு. திங்கள் காலையில பிள்ளைங்க வர்றதுக்குள்ள நாலு கோமாளி மீன் ரெடி. ‘நீமோ... நீமோ’ன்னு ஒரே கூச்சல். நாங்க காலரைத் தூக்கி விட்டுக்கிட்டோம். வெள்ளிக்கிழமைக்குள்ள மூணு மீன் செத்து மிதந்துச்சு. ரெட்டைச் சடை போட்ட ஒரு வாண்டு தொட்டியையே பார்த்துட்டு இருந்தா. ‘‘அண்ணா, தண்ணி சுத்தமாத்தானே இருக்கு?’’ன்னு கேட்டா. அன்னிக்கு எங்க யாருக்கும் பதில் தெரியலை.

பதில் இதுதான். தண்ணி பளிங்கு மாதிரி இருந்தாலும் அதுல அம்மோனியா இருக்கும். மீனோட கழிவும் மிச்ச இரையும் போடுற விஷம் அது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும். அதை மீன் ஓரளவு தாங்கும், அப்பப்போ கொஞ்சம் தண்ணி மாத்தினா குறைஞ்சிடும். இந்த ரெண்டு பாக்டீரியாவும் புதுத் தொட்டியில குடியேற நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். நாங்க கொடுத்தது ஒரே ஒரு ராத்திரி!

மிச்சமிருந்த மீனைக் கடைக்காரர்கிட்ட விட்டுட்டு, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சோம். மீனே இல்லாத தொட்டி. தினம் ஒரு சிட்டிகை இரையை மட்டும் அழுக விட்டோம். பிள்ளைங்க டெஸ்ட் கிட்ல சொட்டு மருந்து விட்டு, கலர் பார்த்து, சுவர்ல சார்ட் போட்டாங்க. அம்மோனியா ஏறி, இறங்கி, அப்புறம் நைட்ரைட் ஏறி, இறங்கி... ரெண்டும் பூஜ்யத்துக்கு வந்த அன்னிக்கு கிளாஸே கைதட்டுச்சு. மீன் வந்தப்போகூட அவ்வளவு சத்தம் இல்லை!

உப்பு விஷயம். சமையல் உப்பைக் கொட்டினா அது கடல் ஆகாது. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கலந்த கடல் உப்புக் கலவைதான் வேணும். லிட்டருக்கு சுமார் 35 கிராம். ஹைட்ரோமீட்டர்ல 1.025 காட்டணும். தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால தினம் குறையுற அளவுக்கு குளோரின் இல்லாத நல்ல தண்ணிதான் ஊத்தணும். தொட்டி மேல டேப் ஒட்டி, கோடு வரைக்கும் ஊத்தச் சொல்லுங்க. மூன்றாம் வகுப்புக்கு அருமையான வேலை.

‘ராமேஸ்வரம் போய் நாலு பவளம் எடுத்துட்டு வந்துடுவோமே’ன்னு ஐடியா வருதா? கப்சிப். பாறை கட்டுற பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில, புலி இருக்கிற அதே லிஸ்ட்ல, 2001-ல சேர்த்துட்டாங்க. கரையில கிடக்கிற துண்டைக்கூட எடுக்காதீங்க. பவளம் கல் இல்லை, உயிரு. அதோட உடம்புக்குள்ள குடியிருக்கிற பாசிதான் அதுக்குச் சோறு போடுது. கடல் ரொம்பச் சூடானா பாசி வெளியேறிடும், பவளம் வெளுத்துடும். மன்னார் வளைகுடாவுலயே 2016-ல அது நடந்துச்சு. நாங்க உடைஞ்ச பானை ஓட்டை அடுக்கி குகை கட்டினோம். கோமாளி மீன் முட்டை போட ஓடே போதும். கடல்ல பிடிச்ச மீனை வாங்காம, பண்ணையில பொரிச்ச குஞ்சா கேட்டு வாங்குங்க. மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையமே அதை வளர்த்துக் காட்டியிருக்கு.

பிள்ளைங்களுக்கு ஒரு போனஸ் மேட்டர். இந்த மீன்ல எல்லாமே முதல்ல ஆண்தான். கூட்டத்துல பெருசு பெண்ணா மாறும். அது செத்தா அடுத்த ஆண் பெண்ணாயிடும். அப்படின்னா, 2003-ல வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்துல அம்மா போனதும் அப்பா மார்லின் அம்மாவா மாறியிருக்கணும்!

எல்லாம் சரி, மே மாசம் என்ன பண்ணுவீங்க? பள்ளி பூட்டியிருக்கும், கரன்ட் போகும், அறை கொதிக்கும், மீனுக்கோ தண்ணி ரொம்பச் சூடானா கஷ்டம். தண்ணி மேல ஒரு சின்ன ஃபேன் வச்சா ஓரிரு டிகிரி குறையும், பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு அவசியம். ஆனா சுவிட்ச் போட ஆள் வேணுமே? எங்களுக்கு வாட்ச்மேன் தாத்தா கிடைச்சார். கோமாளி மீன் பத்து வருஷத்துக்கு மேலயும் வாழும். உங்க டிகிரி மூணே வருஷம். உப்பு வாங்கப் போறதுக்கு முன்னாடி, உங்க ஊர் தாத்தா யாருன்னு கண்டுபிடிச்சு அவர்கிட்ட பேசிடுங்க பாஸ்.