வாஷிங் மெஷின் நின்றுவிட்டால்...



வீட்டில் வாஷிங் மெஷின் நின்றுவிட்டால், கைக்கு உதவியாயிருந்த ஓர் ஆள் சுகமில்லாமல் படுத்துவிட்டது போலத்தான். பாடசாலைச் சீருடை ஒரு பக்கம், குழந்தையின் துணிகள் ஒரு பக்கம், படுக்கை விரிப்புகள் இன்னொரு பக்கம் என்று குவிந்துவிடும். கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் கஷ்டம் இரட்டிப்பு. திருத்துபவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் வரும் நேரத்தில் வீட்டில் துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும். வந்து பார்ப்பதற்கே ஒரு தொகை கொடுக்க வேண்டும். வந்தவர் அடியில் சிக்கியிருந்த ஒரு ஹிஜாப் ஊசியை எடுத்துக் காட்டிவிட்டு, பத்து நிமிடத்தில் போய்விடுவதும் உண்டு!

2022ஆம் ஆண்டில் ரூபாயின் பெறுமதி விழுந்ததோடு, இறக்குமதியாகும் மெஷின்களின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறிவிட்டன. ஆகவே இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதே புத்தி. ஆனால், செலவை மிச்சம் பிடிக்கப் போய் உயிரைப் பணயம் வைக்கவும் கூடாது. எதை நாமே பார்க்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதை இம்முறை பார்ப்போம்.

எந்த மெஷினாக இருந்தாலும் அது செய்யும் வேலை மூன்றுதான். தண்ணீரை உள்ளே எடுக்கிறது, சுற்றுகிறது, தண்ணீரை வெளியே விடுகிறது. மெஷின் நின்றால், இந்த மூன்றில் எது நடக்கவில்லை என்று முதலில் பாருங்கள். தண்ணீர் வருவதும் போவதும் பெரும்பாலும் நமது கைக்கு எட்டிய வேலை. சுற்றுவதில் சில விடயங்கள் மட்டும் நமக்குரியவை. உள்ளே இருக்கும் மின்சார வேலை எதுவும் நமக்குரியதல்ல.

தொடுவதற்கு முன்

சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கைக் கழற்றி, உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். ஈரக் கையோடும், ஈரத் தரையில் வெறுங்காலோடும் நின்று பிளக்கைத் தொடாதீர்கள். நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். அது ஆளைக் கொல்லப் போதுமானது. தண்ணீர்க் குழாயையும் மூடிவிடுங்கள். சிறு பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

தண்ணீர் வரவில்லையா?

குழாய் திறந்திருக்கிறதா, பின்பக்கப் பைப் மடிந்து நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால், அந்தப் பைப் மெஷினோடு சேரும் இடத்தைக் கையால் திருகிக் கழற்றுங்கள். கீழே ஒரு வாளியும் பழைய துவாயும் இருக்கட்டும். உள்ளே விரல் நுனி அளவில் ஒரு சிறு வலை தெரியும். கிணற்று மணலும், நீர்த்தாங்கியின் பாசியும், இரும்புக் குழாயின் துருவும் அதில்தான் வந்து அடைக்கின்றன. சிறிய குறட்டால் அதை மெதுவாக இழுத்தெடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மீண்டும் வையுங்கள். வலையில்லாமல் ஒருபோதும் மெஷினை ஓட விடாதீர்கள். மணல் உள்ளே போனால் வால்வு கெட்டுவிடும். பைப்பைத் திரும்பப் பூட்டும்போது அதனுள் இருக்கும் ரப்பர் வளையம் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீர்த்தாங்கி தாழ்வாக இருந்தாலும் தண்ணீர் மெதுவாகத்தான் வரும். அது மெஷினின் குற்றமல்ல.

தண்ணீர் போகவில்லையா?

முன்பக்கம் கதவுள்ள மெஷின் என்றால், கீழே ஒரு மூலையில் சிறிய மூடி இருக்கும். அதைத் திறந்தால் கைப்பிடி வைத்த பில்டர் ஒன்று தெரியும். சுடுநீரில் கழுவியிருந்தால் முதலில் ஆற விடுங்கள். தட்டையான ஒரு பாத்திரத்தை வைத்து, பக்கத்தில் சிறு குழாய் இருந்தால் அதன் வழியாகத் தண்ணீரை வடியுங்கள். பிறகு பில்டரை இடப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் கழற்றுங்கள். ஹிஜாப் ஊசி, சில்லறைக் காசு, சேர்ட் பொத்தான், குழந்தையின் சிறு காலுறை, தலைமயிர் என்று பலதும் வெளிவரும். ஊசி குத்தாமலிருக்க, கையை உடனே விட்டுத் துழாவ வேண்டாம். டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். உள்ளே இருக்கும் சிறு காற்றாடியில் நூல் சுற்றியிருந்தால் அதையும் அகற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது நேராக வைத்து இறுக்குங்கள். கோணலாகப் பூட்டினால் ஒழுகும்.

இரண்டு தொட்டி மெஷின்களில் விடயம் வேறு. இவற்றில் அநேகமானவற்றில் பம்ப் கிடையாது. தண்ணீர் தானாகத்தான் வடிய வேண்டும். ஆகவே வெளியேறும் பைப் நிலத்தோடு தாழ்வாகக் கிடக்க வேண்டும். அதைத் தூக்கி பேசினுக்குள் போட்டால் தண்ணீர் போகாது. பம்ப் உள்ள மெஷினிலோ இதற்கு நேர்மாறு. பைப்பின் முனை, மெஷினோடு வந்த புத்தகத்தில் சொல்லப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். அதைத் தரையில் போட்டுவிட்டால், உள்ளே வரும் தண்ணீர் நிறையாமல் அப்படியே வடிந்துகொண்டே இருக்கும். ‘எவ்வளவு நேரமானாலும் தண்ணீர் நிறையவில்லை’ என்று சொல்லப்படும் வீடுகளில் இதையும் ஒருமுறை பாருங்கள்.

சுற்றவில்லையா?

மூடி சரியாக மூடப்பட்டிருக்கிறதா? மூடி திறந்திருந்தால் ஸ்பின் சுற்றாது. அது நமது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. துணி அளவுக்கு மேல் இருக்கிறதா? ஈரமான கம்பளியோ தடித்த விரிப்போ ஒரு பக்கமாகக் குவிந்திருக்கிறதா? இருந்தால் பாதியை எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பரவலாகப் போடுங்கள். சவர்க்காரத் தூள் கூடினால் எழும் நுரையும் ஸ்பின்னைத் தடுக்கும். துணி வெளுப்பதும் கூடாது.

மெஷின் குதித்து நகர்கிறதென்றால், எதிரெதிர் மூலைகளைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஆடினால், கீழேயுள்ள கால்களைத் திருகி உயரத்தைச் சமப்படுத்துங்கள். புதிதாக வாங்கிய முன்கதவு மெஷின் பயங்கரமாக அதிர்ந்தால், ஏற்றி வரும்போது பின்பக்கத்தில் பூட்டிய ஆணிகள் கழற்றப்பட்டனவா என்று பாருங்கள்.

‘ம்ம்ம்’ என்று சத்தம் மட்டும் வந்து சுற்றாமல் நின்றால், உடனே நிறுத்திவிடுங்கள். ரப்பர் பெல்ட் கழன்றிருக்கலாம், அல்லது மோட்டரை இயக்கிவிடும் கெப்பாசிட்டர் கெட்டிருக்கலாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஆகவே பின்பக்க மூடியைத் திறக்க வேண்டாம். அது தெரிந்தவரின் வேலை.

இவற்றைத் தொடவே வேண்டாம்

மெஷினைத் தொட்டதும் கையில் சுருக்கென்று பிடிக்கிறதா? பிளக்கைத் தொடப் போகாதீர்கள். வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகே பிளக்கைக் கழற்றுங்கள். இது ‘சும்மா கொஞ்சம் கரண்ட்’ அல்ல. எர்த் சரியில்லை, உள்ளே எங்கோ மின்சாரம் கசிகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடெப்டரில் செருகிப் பாவிப்பதும் இதே ஆபத்தைத்தான் கொண்டுவரும்.

மெஷினைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா? அதை மீண்டும் மீண்டும் தூக்கிவிடாதீர்கள். வேலை நடக்கட்டும் என்று ட்ரிப் சுவிட்சை விலக்கி வயர் கொடுக்க யாரையும் அனுமதிக்கவே வேண்டாம். கசிவு 30 மில்லி அம்பியர் அளவை எட்டுமுன் மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் வீட்டு ட்ரிப் சுவிட்சின் வேலை. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது விழாவிட்டால், மெஷினுக்கு முன் அதைத்தான் மாற்ற வேண்டும்.

கருகிய வாடை, புகை, பிளக் சூடாவது ஆகியவையும் இந்த வகைதான். அதேபோல் மூடியைத் திறந்த பிறகும் ஸ்பின் தொட்டி நிற்காமல் ஓடினால், பிரேக் திருத்தும்வரை அதைப் பாவிக்காதீர்கள். சுற்றும் தொட்டிக்குள் கையை விட்டால் துணி கையையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும்.

மின்வெட்டு வந்தால்

2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற காலத்தை நாம் மறக்கவில்லை. சலவையின் நடுவில் மின்சாரம் போனால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். திரும்பி வரும்போது ஏறி இறங்கும் மின்சாரம் மெஷினின் உள்ளிருக்கும் பலகையைக் கெடுத்துவிடக்கூடும். வந்து சற்று நேரம் கழித்துப் போடுங்கள். முன்கதவைப் பலவந்தமாக இழுக்க வேண்டாம். தண்ணீரை வடித்துச் சில நிமிடங்கள் பொறுத்த பின் திறவுங்கள்.

திருத்துபவர் வரும்போது

மெஷினில் ஒட்டியிருக்கும் மொடல் இலக்கத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள். ‘மெஷின் வேலை செய்யவில்லை’ என்று சொல்லாமல், ‘தண்ணீர் வருகிறது, சுற்றுகிறது, ஆனால் வெளியே போகவில்லை, பில்டரைச் சுத்தம் செய்து பார்த்துவிட்டேன்’ என்று சொல்லுங்கள். விடயம் தெரிந்தவரிடம் யாரும் வீணாகப் பணம் கேட்க யோசிப்பார்கள். கூலி எவ்வளவு, பாகம் எவ்வளவு என்று வேலை தொடங்குமுன் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் விலையை மட்டும் பார்க்காமல், உதிரிப்பாகம் எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும் என்றும் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2021 மார்ச் முதல், வாஷிங் மெஷின்களின் முக்கிய உதிரிப்பாகங்களைக் குறைந்தது 10 வருடங்களுக்குக் கொடுக்க வேண்டுமென்பது சட்டம். அங்கே சட்டம் கேட்பதை இங்கே நாம் வாயால் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மாதம் ஒருமுறை பில்டர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் வரும் வலை, ஒவ்வொரு சலவைக்கு முன்னும் எல்லாப் பொக்கெட்டுகளும். இவ்வளவுதான் பழக்கம். ஊசிகளைப் போட மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சிறு டப்பா வையுங்கள். இந்த வேலையை மகளுக்கு மட்டுமல்லாமல் மகனுக்கும் காட்டிக்கொடுங்கள். பொக்கெட்டில் காசையும் ஆணியையும் விட்டுவைப்பது பெரும்பாலும் அவன்தானே!