எலுமிச்சம்பழமும் ஏர் கேஜும்

ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கம் கோயிலுக்கு வேன் கிளம்புகிறது என்றால் ஒரு சடங்கு தவறவே தவறாது. கண்ணாடியில் சந்தனம், குங்குமம். சூடம் காட்டி முடிந்ததும் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். டிரைவர் மெதுவாக கிளட்சை விட, பழம் நசுங்க, உள்ளேயிருந்து ஒரு கோஷம் கிளம்பும். அவ்வளவுதான், இனி தர்மஸ்தலாவோ சபரிமலையோ, எங்கே வேண்டுமானாலும் போகலாம்!

பழம் வைக்கக் குனிகிற அதே டிரைவர், குனிந்தது குனிந்தபடியே வால்வு மூடியைக் கழற்றி கேஜ் வைத்துப் பார்ப்பது மட்டும் ரொம்ப அபூர்வம். பழத்தைக் குறை சொல்வதற்கில்லை. நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் பழத்தை வைத்த இடத்துக்கு அரை அடி மேலேதான் வால்வு இருக்கிறது என்பதையும் சொல்லத்தானே வேண்டும்?

2023 செப்டம்பர் 11 இந்தப் பகுதியில் யாருக்கும் மறக்காது. தர்மஸ்தலா போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஆம்பூர் பக்கத்து மக்கள். பெங்களூரு - சென்னை நெடுஞ்சாலையில் நாட்றம்பள்ளி அருகே வேன் பஞ்சர். டிரைவர் டயரைப் பார்க்க, வந்தவர்கள் இறங்கிச் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த லாரி நின்றிருந்த வேனில் மோதியது. 7 பெண்கள் இறந்துபோனார்கள். வீடு போய்ச் சேர இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி.

அந்த வழக்கில் யார் மேல் தப்பு என்பது போலீசும் கோர்ட்டும் பார்க்க வேண்டிய விஷயம். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அந்த டயர் வெடித்து வேன் கவிழவில்லை. டயர் இறங்கியது, வேன் நின்றது, அவ்வளவுதான். உயிர் போனது நின்ற இடத்தில்.

டயர் ஆபத்து என்றாலே எல்லோருக்கும் 'டமார்' என்று வெடிப்பதுதான் நினைவுக்கு வரும். நாலு வழிச்சாலையில் நடுராத்திரி இருட்டில் நிற்பதும் அதே அளவு ஆபத்துதான். நிற்கிற இடத்தை டிரைவர் தேர்ந்தெடுத்தால் அது பெட்ரோல் பங்க், தாபா, டோல்கேட் பக்கத்து வெளிச்சம். டயர் தேர்ந்தெடுத்தால் அது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி, அதாவது டிபிஎம்எஸ், விற்கிற பொருள் இந்தச் சில நிமிடங்கள்தான். மைலேஜ், டயர் ஆயுள் எல்லாம் கூடவே வரும் கொசுறு.

ஒரு சின்னக் கணக்கு. டயரில் 60 பி.எஸ்.ஐ. காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள் (உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும், அதையே நம்புங்கள்). ஆணி குத்தி நிமிடத்துக்கு 1 பி.எஸ்.ஐ. இறங்குகிறது. டியூப்லெஸ் டயரில் குத்திய ஆணியே பாதி அடைப்பாக இருப்பதால் பெரும்பாலும் இப்படி மெதுவாகத்தான் இறங்கும். அலாரத்தை 15 சதவீதக் குறைவுக்கு வைத்திருந்தால் 51-லேயே கத்திவிடும். அது 45-க்கு இறங்க இன்னும் 6 நிமிடம். வேகத்தைக் குறைத்து 50 கிலோமீட்டரில் உருட்டினாலும் 5 கிலோமீட்டர் கிடைக்கிறது. இந்தச் சாலையில் 5 கிலோமீட்டருக்குள் ஒரு சர்வீஸ் ரோடு இறக்கமோ ஒரு பங்க்கோ பெரும்பாலும் வந்துவிடும். கருவி இல்லாவிட்டால்? ஸ்டியரிங் இழுக்கும்போதுதான் தெரியும். பின்பக்க இரட்டைச் சக்கரத்தில் அதுவும் தெரியாது. உள் சக்கரம் இறங்கிப் போனால் வெளிச் சக்கரம் அதன் சுமையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஒன்றும் நடக்காதது போல ஓடும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடாகும். அந்தச் சூட்டில் ரப்பரும் உள்ளே இருக்கும் கம்பி அடுக்கும் பிரிய ஆரம்பித்தால், அப்போதுதான் அந்த 'டமார்'.

லாரி கிளீனர்கள் இரும்புத் தடியால் டயரைத் தட்டிச் சத்தத்தை வைத்தே காற்றைச் சொல்வார்கள். அனுபவ ஞானம்தான், ஆனால் அந்த ஞானம் வண்டி நிற்கும்போது மட்டுமே வேலை செய்யும். தட்டினால் பூஜ்யமும் அறுபதும் தெரியும். ஐம்பதும் அறுபதும் தெரியாது.

இந்தக் கருவிக்கு ஒரு சோகமான பூர்வீகம் உண்டு. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர் போட்ட ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகள் உருண்டு பலர் இறந்த பிறகு, 2000-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 2007 செப்டம்பரிலிருந்து புதிய கார்கள் எல்லாவற்றிலும் டிபிஎம்எஸ் கட்டாயம். ஆனால் சுமார் 4.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளையும், பின்னால் இரட்டைச் சக்கரம் வைத்தவற்றையும் அந்த விதி விட்டுவிட்டது. வீட்டையே வண்டியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிற பெரிய மோட்டார் ஹோம்கள் பலவும் இந்த விலக்குக்குள் விழுந்தன. அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் சென்சாரைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் 2014-இல் கார்களோடு நின்ற விதி, 2024 ஜூலையிலிருந்து புதிய பஸ், லாரி, டிரெய்லர் வரை நீண்டிருக்கிறது. இந்தியாவில் 2020-இல் வந்த திருத்தம் வேடிக்கையானது. 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் வண்டியில் டியூப்லெஸ் டயரும், டிபிஎம்எஸ்ஸும், பஞ்சர் ஒட்டும் சாமானும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டாமாம்! 8 பயணிகள் வரை ஏறும் வண்டிக்கான பேச்சு இது. இருபது பேரை ஏற்றும் வேனுக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

நம்மூரில் மோட்டார் ஹோம் என்றால் சினிமா ஷூட்டிங் கேரவன்தான் நினைவுக்கு வரும். கேரளா 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையே கொண்டுவந்துவிட்டது. ஆனால் மோட்டார் ஹோமுக்கு உள்ள டயர் பிரச்சினை அத்தனையும் நம் சுற்றுலா வேனுக்கும் உண்டு. எந்நேரமும் முழுச் சுமை, பின்னால் இரட்டைச் சக்கரம், சீசன் இல்லாத மாதங்களில் வெயிலில் சும்மா நிற்கும் டயர். நின்ற டயர் பார்க்கப் புதுசாகத்தான் இருக்கும், பட்டன் தேய்ந்திருக்காது. பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2317 என்றிருந்தால் 2017-இன் 23-ஆவது வாரம் செய்தது. ரப்பருக்கு வயசு ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதை எந்த சென்சாரும் சொல்லாது.

சரி, எதை வாங்குவது? புதிய கார்கள் சிலவற்றில் வருகிற மறைமுக வகை, ஏபிஎஸ் சென்சாரை வைத்துச் சக்கரம் சுற்றும் வேகத்தைப் பார்த்து ஊகிக்கிறது. எல்லா டயரிலும் ஒரே அளவு காற்று குறைந்தால் அது கோட்டை விட்டுவிடலாம். வேனுக்கு வேண்டியது ஒவ்வொரு சக்கரத்திலும் தனித்தனி சென்சார். ரிம்முக்கு உள்ளே பொருத்துவது திருடு போகாது, ஆனால் டியூப் போட்ட டயருக்கு ஆகாது, பேட்டரி போனால் டயரைக் கழற்ற வேண்டும். வால்வு மூடி போலத் திருகுவது மலிவு, டிரைவரே மாட்டலாம். ஆனால் அந்த எடையை ரப்பர் வால்வு தாங்காமல் ஆடி, வெடித்து, காற்றைக் காக்க வந்ததே காற்றை விட்டுவிடும். அதற்கு உலோக வால்வு மாற்றிக்கொள்வது உத்தமம். உள் சக்கரத்துக்கு நீட்டிப்புக் குழாய் போட்டால் ஆடாமல் பிடித்துக் கட்ட வேண்டும். வண்டி நீளம் என்றால் பின் சக்கரத்து சிக்னல் முன்னால் வர ஒரு ரிப்பீட்டர் தேவைப்படலாம். வாங்கும் முன் எத்தனை சக்கரம் தாங்கும், எத்தனை பி.எஸ்.ஐ. வரை காட்டும் என்று கேளுங்கள். கார் செட்டை வாங்கி வேனில் மாட்டிவிட்டு இரண்டு சக்கரத்தை அம்போ என்று விட்டவர்களும் உண்டு.

மாட்டிய பிறகுதான் அசல் கூத்து. வேலூர் வெயில் தெரியும்தானே. விடியற்காலை 30 டிகிரியில் 60 வைத்த டயர், மதியம் உள்காற்று 55 டிகிரிக்கு ஏறினால் 66 காட்டும். இது இயற்கை. டிரைவர் பதறிப்போய் காற்றைப் பிடுங்கி 60 ஆக்கினால், மறுநாள் காலை டயரில் இருப்பது 54. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் இறங்கினாலே அலாரம் கத்தும். 'இந்த மிஷினே சரியில்லைண்ணே' என்று ஓனரிடம் புகார் போகும், மிஷின் டேஷ்போர்டு டிராயருக்குள் போகும். காற்று பார்ப்பது எப்போதும் வண்டி ஓடும் முன்புதான். மேல் எல்லை அலாரத்தை 25 சதவீதம் தள்ளி 75-இல் வைத்தால் மதிய வெயிலுக்கெல்லாம் கத்தாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் (புலவர்கள் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள், வளைவில் படிக்க யாருக்கு நேரம்?) இறங்கும்போது பிரேக் சூடு ரிம் வழியாக டயருக்கு ஏறும். அங்கே வெப்ப அலாரம் கத்தினால் அது பொய்யில்லை. ஓரமாக நிறுத்தி ஆற விடுவதுதான் வழி.

இனி பணம். ஆறு சக்கர செட் 10,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளலாம். டயர் ஒன்று 8,000 என்றால் ஆறுக்கு 48,000. 50,000 கிலோமீட்டர் ஓடும் டயர், காற்றுக் குறைவால் 5,000 கிலோமீட்டர் முன்னதாகவே தேய்ந்தால் நஷ்டம் 4,800. இரண்டு டயர் செட்டில் கருவியின் விலை கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. உதாரணக் கணக்குதான், ஆனால் கசக்கவில்லை. அப்படியும் ஏன் யாரும் வாங்குவதில்லை? செலவு ஓனர் பேரேட்டில், தொந்தரவு டிரைவர் தலையில், பலன் பின் சீட்டில் தூங்குகிறவர்களுக்கு. மூவரும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இல்லை.

ஆனால் பணம் கொடுக்கிற ஒருவர் இருக்கிறார், வேனை வாடகைக்கு எடுப்பவர். இந்தப் பகுதியின் ஷூ கம்பெனிகளுக்குக் காலையும் மாலையும் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றி வரும் வேன்களும் பஸ்களும் கோயில் வேன்களைவிட நிச்சயம் அதிகம். கோயில் வேன் வருஷத்துக்கு ஒரு தரம். கம்பெனி வேன் தினம் இரண்டு தரம். ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஆடிட் வருகிறவர்கள் தீயணைப்பான் காலாவதித் தேதி வரை குனிந்து பார்க்கிறார்கள். கேட்டுக்கு வெளியே நிற்கும் வேனின் டயர் தேதியையும் அதே குனியலில் பார்த்தால் என்ன? ஒப்பந்தத்தில் 'ஆறு சக்கரத்துக்கும் சென்சார், மாதம் ஒரு முறை டயர் பதிவேடு' என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். கூடவே மூன்றாவதாக ஒன்றும் சேர்க்க வேண்டும்: அலாரம் கத்தி வண்டியை நிறுத்தியதால் கேட் மூடிய பிறகு வந்து சேர்ந்தால் யாருக்கும் சம்பளப் பிடித்தம் கிடையாது. இது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வெறும் காகிதம். பின்னால் இருந்தே 'அண்ணே, லேட்டாவுது, அப்புறம் பாத்துக்கலாம், போங்கண்ணே' என்று குரல் வரும். டிரைவரும் போய்விடுவார்.

கருவி இருந்தும் நடுவழியில் நிற்க நேரலாம். முழு வெடிப்புக்கு எந்த சென்சாரும் முன்னறிவிப்பு தராது. அப்போது ஹசார்டு விளக்கு, பின்னால் நல்ல தூரத்தில் பிரதிபலிப்பு முக்கோணம். முக்கியமாக, இறங்கியவர்கள் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நடுத் தடுப்பிலோ உட்காரக் கூடாது. இடதுபக்க இரும்புத் தடுப்பைத் தாண்டி, சாலையை விட்டே வெளியே. பாட்டிக்குக் கால் வலித்தாலும் சரி. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

மூடி வகை சென்சாரில் இருப்பது சின்னக் காசு பேட்டரி. ஒன்றிரண்டு வருஷத்தில் தீர்ந்துவிடும், தீர்ந்தால் திரையில் அந்தச் சக்கரத்துக்கு எண்ணுக்குப் பதில் வெறும் கோடுதான் தெரியும். பயணத்துக்கு முந்தின நாள் எலுமிச்சம்பழம் வாங்கப் போகிறவரிடமே அந்த பேட்டரியையும் எழுதிக் கொடுத்துவிடலாம்.