பட்டை ஒடிந்தால் கிடங்கு வாசலில் எதுவரை பார்க்கலாம்?



வரி, வாடகை, வட்டி என்று எத்தனையோ விஷயங்களை நாம் இந்தப் பக்கங்களில் விவாதிக்கிறோம். சரக்கைச் சுமந்து வரும் வண்டியைப் பற்றி, அதிலும் அதன் அடிப்பாகத்தைப் பற்றி, பேசுவதே இல்லை. வண்டி ஓடுகிற வரை அது டிரைவர் பாடு; நின்றுவிட்டால்தான் நம் பாடு.

எங்களுக்குக் கொல்லிமலைச் சரக்கு. அன்னாசி, பலா, கொஞ்சம் மிளகு. காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் மலைப்பார்கள். எங்கள் மினி லாரிக்கு அந்தத் தார்ச்சாலை பெரிய பாரம் இல்லை. தாரை விட்டு இறங்கித் தோட்டத்துக்குள் போகும் தடத்தில்தான் வினையே இருக்கிறது. மழை அறுத்த பள்ளம், முழங்கால் உயரப் பாறை. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மொத்தப் பாரமும் ஒரு பக்கத்து ஸ்பிரிங் பட்டை மேல் விழுகிறது. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அப்புறம் நடப்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் விட்டால் வண்டி இரண்டு நாள், மூன்று நாள் நிற்கும். பழுத்த அன்னாசி அதுவரை காத்திருக்குமா? ஆகவே கிடங்கு வாசலிலேயே ஜாக்கி ஏற்றி, இரண்டு கல்லை முட்டுக் கொடுத்து, டிரைவரும் சுமை தூக்கும் ஆளும் அடியில் படுத்துவிடுகிறார்கள். இதை அடியோடு தவறு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எல்லா வேலைக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போ என்று எழுதுபவர்கள் மலைச்சரக்கு வாங்கிப் பழகாதவர்கள். ஆனால் எதுவரை நம் வாசலில் பார்க்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு ஒரு கோடு வேண்டும்.

யூ போல்ட் இறுக்குவது, தேய்ந்த ரப்பர் புஷ் மாற்றுவது, ஷேக்கிள் பின்னுக்குக் கிரீஸ் வைப்பது இதெல்லாம் கைப்பழக்கம் உள்ள டிரைவர் செய்யக் கூடியதே. பாதிப் பட்டைகள் ஒடிவதற்குக் காரணமே தளர்ந்த யூ போல்ட்தான் என்பது எங்கள் அனுபவம். அது தளர்ந்தால் பட்டைக் கட்டு நடுவில் ஆடும். சென்டர் போல்ட் அறுந்து போகும், அல்லது அந்தத் துளை இருக்கும் இடத்திலேயே பட்டை ஒடியும். புதுப் பட்டை போட்டுச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். இதைச் செய்கிறவர்கள் எத்தனை பேர்?

கட்டைப் பிரித்துப் பட்டை மாற்றுவது வேறு கதை. விறைத்து நிற்கும் கட்டில் சென்டர் போல்ட்டைக் கழற்றினால் பட்டைகள் தெறித்து விலகும். அதைக் கிளாம்ப்பில் பிடித்துக்கொண்டு கழற்றத் தெரிந்த பட்டறைக்காரரிடம் விட்டுவிடுவதே நல்லது. வெல்டிங் வைப்பது கூடவே கூடாது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், செய்து பட்டவர்கள் நாங்கள்.

2012 ஆடி மாதம். நல்ல சீசன். பின்பக்க மெயின் பட்டை, முன்முனை வளையத்துக்குச் சற்றுத் தள்ளி ஒடிந்தது. புதுப் பட்டை வர மறுநாள் ஆகும் என்றார்கள். "இன்றைக்கு லோடு எடுத்தாக வேண்டும், வெல்டிங் வைத்து மாட்டு தம்பி" என்று டிரைவரிடம் சொன்னது நாங்கள்தான். அவர் தயங்கினார், மறுத்துப் பேசவில்லை. முதல் இரண்டு நடை ஒன்றும் ஆகவில்லை. நூறு ரூபாயில் வேலை முடிந்தது என்று கடையில் பெருமை வேறு பேசினோம். மூன்றாவது நடை, லோடோடு இறங்கும்போது வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே பட்டை விட்டது. அச்சு ஒரு பக்கம் பின்னால் நகர்ந்து, வண்டி இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் உரசி நின்றது.

மறுநாள் டிரைவர் கடைக்கு வந்தார். கையில் கட்டு. "பள்ளத்துப் பக்கம் இழுத்திருந்தா, இந்நேரம் நீங்க எங்க ஊட்டு வாசல்ல உக்காந்திருப்பீங்க முதலாளி" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

பிறகுதான் ஒரு பட்டறைக்காரர் விளக்கிச் சொன்னார். பட்டை சாதாரண இரும்பு அல்ல. சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்திய எஃகு. அந்தப் பதம்தான் அதை வளைந்து நிமிர வைக்கிறது. வெல்டிங் சூடு பட்டால் பதம் கெட்டு, பக்கத்து இடம் கண்ணாடி போல் ஆகிவிடும். பார்வைக்கு ஒட்டின மாதிரி இருக்கும், குலுக்கலுக்குத் தாங்காது. அதிலும் மெயின் பட்டைதான் அச்சைச் சேஸிஸோடு பிணைத்திருப்பது.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. ஒடிவதைத் தடுக்கிறோம் என்று ஒரு பட்டையைக் கூடுதலாகச் செருகுவது. உண்மைக் காரணம் நமக்கே தெரியும்: இன்னும் பத்து மூட்டை ஏற்றலாம் என்ற ஆசை. பட்டையைக் கூட்டலாம், பிரேக், அச்சு, டயர் எல்லாம் பழையதுதானே? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. சரக்கை இறக்கும் கூலியும் நம் தலையில்தான். பத்து மூட்டையில் இதை எடுக்க முடியுமா என்று கணக்குப் போட வணிகர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடைசியாக அந்த இரண்டு கல். ஹாலோ பிளாக் கல் ஒரே இடத்தில் பாரம் விழுந்தால் சொல்லாமல் நொறுங்கும். ஜாக்கியும் எண்ணெய் கசிந்தால் மெல்ல இறங்கும். முதலில் லோடை இறக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை போட வேண்டும். சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் ஆள் உள்ளே போகலாம். சங்கத்தில் ஒரு ஜோடி ஸ்டாண்டு வாங்கி வைக்கலாம் என்று கூட்டத்தில் இரண்டு முறை சொன்னோம். "பார்க்கலாம்" என்றார்கள். பார்த்துக்கொண்டே இருக்க மனமில்லாமல் நாங்களே ஒரு ஜோடி வாங்கிக் கடை வாசலில் வைத்திருக்கிறோம். உறுப்பினர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், வாடகை இல்லை. சாயங்காலம் கடை சாத்துவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும்.