நைல் நதியில் உல்லாசப் பயணம்: கணக்கின் மறுபக்கம்

வெளிநாட்டு டூர் என்றால் ஷாப்பிங், பீச் என்று இருந்த காலம் போய், இப்போது எல்லோரும் "ரிவர் குரூஸ்" என்று கிளம்பிவிட்டார்கள். அதிலும் எகிப்தின் நைல் நதிக்குத் தனி மவுசு. லக்ஸரில் ஏறினால் மூன்று நான்கு ராத்திரி கழித்து அஸ்வானில் இறக்கிவிடுவார்கள். மேல்தளத்தில் நீச்சல் குளம், மூன்று வேளையும் பஃபே, கரையோரம் பேரீச்ச மரங்கள், ஒருநாள் இரவு எல்லோரும் கலாபியா அங்கி மாட்டிக்கொண்டு ஆட்டம் பாட்டம்! தாமஸ் குக் 1869ல் ஆள் கூட்டிப்போக ஆரம்பித்த வியாபாரம் இது. அந்தக் கம்பெனி 2019ல் மூழ்கிவிட்டது. வியாபாரம் ஜோராக மிதக்கிறது.

போகட்டும், அனுபவிக்கட்டும். யார் வேண்டாம் என்றது? ஆனால் காமர்ஸ் படிப்பவர்களுக்கு முதல் வருஷமே சொல்லித்தருவது இரட்டைப் பதிவு முறை. பற்று என்று ஒன்று எழுதினால் வரவு என்று ஒன்று எழுதியே ஆகவேண்டும். நைல் பயண விளம்பரங்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கிறது. மறுபக்கம் எங்கே?

வருஷா வருஷம் பெருக்கெடுத்துக் கரையை மூழ்கடித்த நதி, இன்று வாய்க்கால் மாதிரி அடக்க ஒடுக்கமாக ஓடுகிறது. காரணம், 1960ல் தொடங்கி 1970ல் முடிந்த அஸ்வான் பெரிய அணை. அதற்குப் பின்னால் தேங்கி நிற்கும் நாசர் ஏரியின் அடியில் இருப்பது நூபியர்களின் ஊர்கள். வீடு, தோப்பு, முன்னோர் சமாதி எல்லாம் அங்கேதான். 1963, 64ல் எகிப்தில் மட்டும் சுமார் 50,000 பேரை மூட்டை முடிச்சோடு கிளப்பினார்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் சூடானின் வாடி ஹல்பா மக்களுக்கும் அதே கதி.

அதே ஏரியில் அபு சிம்பெல் கோயிலும் மூழ்க இருந்தது. உலகமே பதறியது. 1960ல் யுனெஸ்கோ வேண்டுகோள் விட்டது, நாடு நாடாகப் பணம் வந்தது. 1964 முதல் 1968 வரை மலையைக் குடைந்த கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து, சுமார் 65 மீட்டர் மேலே கொண்டுபோய் அப்படியே ஒட்டவைத்தார்கள். பெரிய சாதனைதான், சந்தேகமே இல்லை. கல்லுக்கு எண் போட்டு, இம்மி பிசகாமல் உட்காரவைத்தார்கள். மனிதர்களுக்கு? போய் இறங்கியபோது பல வீடுகள் கட்டியே முடியவில்லை. காலங்காலமாக ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களை ஆறு கண்ணில் படாத இடத்தில் குடியமர்த்தினார்கள். பழைய ஊர்ப் பெயர்களைப் புது ஊர்களுக்கு வைத்துக்கொண்டதுதான் அவர்களுக்கு மிச்சம்.

அந்த இடம் எது தெரியுமா? கோம் ஓம்போ பக்கம். எல்லா உல்லாசக் கப்பலும் நிற்கிற அதே கோம் ஓம்போ! பயணிகள் இறங்குகிறார்கள், முதலைத்தலை சோபெக் கடவுளின் கோயிலைப் பார்க்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், சாப்பாட்டு நேரத்துக்குக் கப்பலேறிவிடுகிறார்கள். அப்புறம் அஸ்வானில் "நூபிய கிராமம்" என்று ஒரு டூர். கலர் கலராகச் சுவர், கையில் கொடுக்க ஒரு முதலைக்குட்டி. முடிந்தது நூபியா!

அணை வேண்டாமா என்று கேட்பார்கள். மின்சாரம் தந்தது, 1980களின் வறட்சியில் எகிப்தைக் காப்பாற்றியது, எல்லாம் உண்மை. கப்பல் நின்றுபோனால் எஸ்னா மதகருகே சின்னப் படகில் வந்து, துணியை மேல்தளத்துக்கு வீசி வியாபாரம் செய்கிறவர் வயிற்றில்தான் முதல் அடி விழும், அதுவும் உண்மை. ஆகவே கப்பலை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு நாட்டுக்கே லாபம் வந்தது என்றால், நஷ்டப்பட்டவர் பெயரை ஏட்டில் எழுதுவதில் என்ன தயக்கம்? அவர்கள் கேட்பது அனுதாபம்கூட இல்லை, பாக்கி. எகிப்தின் 2014 அரசியல் சாசனம், 236வது பிரிவில், பத்தாண்டுக்குள் நூபியர்களைப் பழைய பகுதிகளுக்குத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடுவதாக எழுதியே கொடுத்தது. கெடு 2024ல் முடிந்தது. சொன்னபடி நடக்கவில்லை. வராக்கடன் என்று தள்ளிவிட வேண்டியதுதானா?

லட்ச லட்சமாகக் கட்டிப் போகிறவர்கள் செய்யக்கூடியது ரொம்பச் சின்ன விஷயம். அஸ்வானில் 1997ல் திறந்த நூபியா அருங்காட்சியகம் இருக்கிறது. முதலைக்குட்டிக்குக் கொடுக்கும் நேரத்தை அங்கே கொடுக்கலாம். கோம் ஓம்போவில் கைடு சோபெக் கதையை முடித்ததும், "இங்கே குடியேற்றப்பட்ட நூபியர்களின் ஊர்கள் எந்தப்பக்கம்?" என்று கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் கைடு பதில் தேடுவார். ஆயிரம் பேர் கேட்டால் கம்பெனிக்காரன் அந்த ஊர்களுக்கும் வண்டி விடுவான். வியாபாரத்தில் கேட்பவர்களுக்குத்தானே சரக்கு வரும்!