கூந்தல் உதிர்கிறதா? மூன்று மாதம் பின்னோக்கிப் பாருங்கள்

தலைமயிர் உதிர்வதனால் எவரும் உயிரிழப்பதில்லை. ஆயினும், சீப்பிலே கொத்தாகச் சுருண்டு வரும் மயிரைக் கண்டு மனங் கலங்காத பெண் அரியள். நாளுக்கு நாள் நெற்றி அகன்று வருவதைக் கண்ணாடியிற் கண்டு பெருமூச்சு விடாத ஆடவனும் அரியன். அக்கலக்கத்தைப் பணமாக்க வல்லவர்களோ பலர். பத்தே நாளிற் பலன் என்று ஒரு தைலம் வருகிறது. வழுக்கையிலும் வளரும் என்று ஒரு பொடி வருகிறது. அயல் வீட்டு மாமி ஒன்றைச் சொல்ல, பெரியம்மா வேறொன்றைச் சொல்லுவார். எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்துக் கைப்பொருளையும் மன அமைதியையும் இழந்த குடும்பங்கள் நம்மிடையே இல்லாமலில்லை.

இயற்கை முறையால் மயிர் உதிர்வை நிறுத்த முடியுமா, போனதை மீட்க முடியுமா என்பதே இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். சிலவகை உதிர்வுகளில் முடியும், சிலவற்றில் முடியாது. எதில் முடியும், எதில் முடியாது என்று பிரித்தறிவதே பாதி வைத்தியம் எனலாம். ஆகவே, எந்த எண்ணெய் நல்லது என்று கேட்குமுன், எதனால் உதிர்கிறது என்று கேட்டல் வேண்டும்.

மயிரின் ஆயுள்

நமது தலையிலுள்ள மயிர்களின் தொகை ஏறத்தாழ 100,000. இவை எல்லாம் ஒரே காலத்தில் வளர்வன அல்ல. ஒவ்வொரு மயிரும் 2 முதல் 6 வருடங்கள் வரை வளரும். பின்னர் இரண்டு மூன்று வாரங்களில் அதன் வேர் சுருங்கும். அதன்பின் ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்ந்திருந்து விழுந்துவிடும். அது விழுந்த குழியிலிருந்தே புதிய மயிர் முளைக்கும். பழுத்த இலை விழத் துளிர் வருவது போன்றதே இதுவும்.

ஆகவே, நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் வரை உதிர்வது நோயன்று. வாரத்தில் இருமுறை மட்டும் முழுகும் பெண்களுக்கு, இடை நாட்களில் உதிர்ந்து கூந்தலுள்ளே சிக்குண்டு கிடந்தவை முழுகும் நாளில் ஒருங்கே வந்து சேரும். அதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

வளரும் மயிர் மாதம் ஒன்றுக்குச் சுமார் 1 சென்ரிமீற்றர் நீளும். ஓய்வு மூன்று மாதம், வளர்ச்சி மாதம் ஒரு சென்ரிமீற்றர் என்னும் இவ்விரு கணக்குகளையும் மனத்திற் கொண்டால் எண்ணெய்களைப் பற்றிய பல மயக்கங்கள் நீங்கிவிடும்.

மூன்று மாதக் கணக்கு

கடுங்காய்ச்சல், பிள்ளைப்பேறு, பெரிய சத்திரசிகிச்சை, குடும்பத்தில் நேர்ந்த மரணம், உடல் மெலிய வேண்டுமென்று உணவை ஒறுத்தல் ஆகியவற்றுள் ஒன்று நேருமானால், வளர்ந்துகொண்டிருக்கும் மயிர்களிற் பெருந்தொகையானவை ஒரே வேளையில் ஓய்வு நிலைக்குச் சென்றுவிடும். அவை அன்றே விழுவதில்லை; இரண்டு மூன்று மாதம் கழித்தே விழும். டெங்குக் காய்ச்சலால் வருந்தி எழுந்தவர்களும், 2020 ஆம் ஆண்டிலிருந்து கொரோனா நோய் கண்டவர்களுட் பலரும் இதனை அனுபவித்துள்ளார்கள். காய்ச்சலை மறந்து, கடைசியாக மாற்றிய சவர்க்காரத்தின் மீதோ குழாய்த் தண்ணீரின் மீதோ பழியைப் போடுவதே வழக்கமாகிவிட்டது.

பிள்ளை பெற்ற தாய்மாரைப் பற்றிச் சிறப்பாகச் சொல்லுதல் வேண்டும். கருவுற்ற காலத்தில் மயிர் உதிர்வது குறைந்து கூந்தல் அடர்ந்து காணப்படும். பிள்ளை பிறந்து மூன்றாம் நான்காம் மாதமளவில், அதுவரை விழாது நின்றவை எல்லாம் சேர்ந்து விழத் தொடங்கும். இரவு உறக்கமின்றிக் குழந்தையைப் பேணும் இளந்தாய், தலையணையில் மயிரைக் கண்டு அழுவதும் உண்டு. பெரும்பாலோருக்குப் பிள்ளையின் ஒரு வயது நிறைவதற்குள் கூந்தல் பழைய நிலைக்கு மீண்டுவிடும். அத்தாய்க்கு வேண்டியவை நல்ல உணவும், உறக்கமும், வீட்டாரின் ஆறுதலுமே. இரத்தக் குறைவு இருப்பதாகத் தோன்றினால் வைத்தியரிடம் காட்டுதல் நன்று.

இங்கே ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். உதிர்வு மிகுந்த மாதத்திலேதான் நாம் கடைக்குப் போய்ப் புதிய தைலம் வாங்குகிறோம். அதைப் பூசிச் சில மாதம் செல்ல, உதிர்வு தானே அடங்கி, நெற்றியோரத்தில் குறுமயிர் முளைக்கிறது. இயற்கை செய்த வேலைக்குத் தைலம் புகழ் பெறுகிறது! அதனை வாங்கியவர் பொய் சொல்லவில்லை. கண்டதையே பத்துப் பேருக்குச் சொல்லுகிறார். ஒரு தைலத்தின் புகழ் ஊரெங்கும் பரவுவதன் இரகசியங்களுள் இதுவும் ஒன்று.

வேருக்கு வேண்டிய உணவு

மயிரின் வேர் இரத்தத்தினால் ஊட்டம் பெறுவது. வெளியே தெரியும் தண்டு உயிரற்றது. ஆதலின் ஊட்டம் உள்ளிருந்தே செல்லுதல் வேண்டும்.

பெண்களின் மயிர் உதிர்வில் முதலில் ஐயுற வேண்டியது இரும்புச் சத்துக் குறைவு. மாதவிடாய் மிகையாகப் போகும் பெண்களுக்கும், காலையுணவை விடுத்துப் பாடசாலைக்கு ஓடும் மாணவியருக்கும் இக்குறைவு எளிதில் நேரும். களைப்பு, படியேறும்போது மூச்சு வாங்குதல், முகம் வெளிறுதல் என்பன உடன் காணப்பட்டால் கூந்தலைவிடப் பெரிய காரியம் ஒன்று கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்பதை உணர்தல் வேண்டும். அத்தகைய பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு காலங் கழிப்பது, வாடிய பயிரின் வேருக்கு நீர் விடாமல் இலையைத் துடைப்பது போலாகும்.

மீனும் இறைச்சியும் தரும் இரும்பை உடல் எளிதில் ஏற்கும். மரக்கறி உண்போர் பயறு, கடலை, குரக்கன், முருங்கையிலை, ஏனைய கீரை வகைகள் ஆகியவற்றை நாடலாம். இவற்றிலுள்ள இரும்பை உடல் ஏற்பதற்குப் புளிப்பான கனிகளிலுள்ள உயிர்ச்சத்து ‘சி’ துணை செய்யும். கீரைக் கறியை இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடும் நமது வழக்கம் மிகப் பொருத்தமானதே. உணவுண்ட கையோடு தேநீர் அருந்தும் வழக்கமோ இதற்கு நேர்மாறானது. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது தடுக்கும். சோற்றுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுதல் நன்று. இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

மயிர் பெரும்பாலும் புரதத்தால் ஆனது. ஆகவே பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியவற்றுள் இயன்றது நாள்தோறும் உணவிற் சேர்தல் வேண்டும். வெறுஞ் சோறும் சொதியும் போதா.

உணவுக்குப் பதிலாக வில்லைகளை வாங்கி விழுங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. குறைவில்லாதவருக்கு மிகையாகக் கொடுக்கும் சத்து நன்மை செய்வதில்லை. உயிர்ச்சத்து ‘ஏ’ அளவுக்கு மிஞ்சினால் அதுவே மயிரை உதிர்க்கும். கூந்தலுக்கென விற்கப்படும் பயோற்றின் வில்லைகளை மிகுந்த அளவில் உட்கொண்டால் சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவுகள் பிழையாக வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 இல் எச்சரித்தது. இரும்பு வில்லையையும் இரத்தத்தைப் பரிசோதித்த பின், வைத்தியர் கூறிய அளவில் உட்கொள்ளுவதே முறை. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியின் கோளாறும் மயிரை உதிர்க்கும். அதுவும் இரத்தப் பரிசோதனையில் வெளிப்படும்.

எண்ணெயின் வேலை என்ன?

அப்படியானால் நமது முன்னோர் எண்ணெய் வைத்தது வீணோ என்று கேட்கலாம். வீணன்று. தேங்காயெண்ணெய் மயிர்த்தண்டினுள்ளே ஊடுருவி, கழுவும்போதும் வாரும்போதும் புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்று 2003 இல் வெளியான இந்திய ஆராய்ச்சியொன்று காட்டியது. சூரியகாந்தி எண்ணெயும் கனிய எண்ணெயும் அப்பணியைச் செய்யவில்லை. மயிர் இடையில் முறியாதிருந்தால் கூந்தல் நீளும். நீண்ட கூந்தல் அடர்ந்து தோன்றும். கையாந்தகரை, செவ்வரத்தை, கற்றாழை, வெந்தயம் முதலியன சேர்த்துக் காய்ச்சிய எண்ணெய்களையும் இவ்வகையிலே மகிழ்ந்து பயன்படுத்தலாம். எண்ணெய் காவலாளி, விதைப்பவன் அல்லன்.

உச்சியை விரல்களாற் பிடித்துவிடுதலும் நல்லதே. யப்பானிலே 9 ஆடவருக்கு நாள்தோறும் 4 நிமிடமாக 24 வாரம் இவ்வாறு செய்து பார்த்து, மயிரின் தடிப்புச் சிறிது கூடியதை 2016 இல் வெளியிட்டனர். ஒன்பது பேரைக் கொண்டு பெரிய முடிபு கட்டுதல் ஆகாதெனினும், தீங்கில்லாத பழக்கம் இது.

சொடுகு உள்ளவர்கள் மாத்திரம் தலையில் எண்ணெயை ஊற வைத்தல் ஆகாது. சொடுகுக்குத் துணையாகும் நுண்ணுயிர் எண்ணெய்ப் பசையை உண்டே பெருகுவது. அவர்கள் அடிக்கடி தலையைக் கழுவுவதே நல்லது.

மொட்டையடித்தால் மயிர் அடர்ந்து வளரும் என்பதும் மயக்கமே. மழித்தலால் மயிரின் வளர்ச்சி மாறுவதில்லை என்பதை மில்ட்ரெட் ட்ரொட்டர் என்னும் அமெரிக்க அம்மையார் 1928 இலேயே ஆராய்ந்து காட்டினார். வெட்டிய நுனி மழுங்கியிருப்பதால் தடித்தது போலத் தோன்றுகிறது, அவ்வளவே. நேர்த்திக்காக முடியிறக்குவோர் தாராளமாக இறக்குக; கூந்தல் அடரும் என்று எண்ணிச் சிறுமியரின் தலையை மழிக்க வேண்டாம்.

இறுக்கிக் கட்டாதீர்கள்

1907 இல் கிறீன்லாந்துப் பெண்களிடம் ஒரு வகை வழுக்கை கண்டு எழுதப்பட்டது. அவர்கள் மயிரை இறுக்கி இழுத்துக் கட்டியதனால் முன் நெற்றியோரம் வெறுமையாயிற்று. நம் மாணவியரின் இரட்டைப் பின்னலுக்கும் இது பொருந்தும். காலையில் பின்னி முடித்ததும் பிள்ளை நெற்றி வலிக்கிறது என்றால், அம்மா அந்தப் பின்னலை அவிழ்த்துத் தளர்த்திப் பின்னுதல் வேண்டும். தொடக்கத்திலே தளர்த்தினால் மயிர் மீண்டும் வளரும். ஆண்டுக் கணக்கில் இழுபட்டு வேர் அழிந்தபின் வளராது. ஈரத்தலையைச் சீப்பிட்டு இழுப்பதும் தவிர்க்கத் தக்கது.

வழுக்கையும் புழுவெட்டும்

ஆடவரின் வழுக்கை வேறு வகையானது. பருவமெய்துமுன் ஆண் சுரப்பிகளை இழந்தவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், ஆண் ஓமோனை மருந்தாகக் கொடுத்தபோது வழுக்கைப் பரம்பரையில் வந்தவர்களுக்கு அது விழுந்தது என்பதையும் ஹமில்ற்றன் என்பார் 1942 இல் வெளியிட்டார். பரம்பரையும் ஓமோனும் சேர்ந்து வேரைச் சிறுகச் சிறுகச் சுருக்குவதே வழுக்கை. பெண்களுக்கு இது வகிடு அகலுதலாகத் தோன்றும். இதனைக் கீரையும் எண்ணெயும் மீட்கமாட்டா. இரத்த அழுத்தத்துக்கென வந்த மினொக்சிடில் என்னும் மருந்து மயிரை வளர்ப்பது தற்செயலாகக் கண்டறியப்பட்டு, தலையிற் பூசும் மருந்தாக 1988 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் விடாது பூசும் வரையிலேதான் பலன் தரும். உரோமாபுரியின் யூலியஸ் சீசரே வழுக்கையை மறைக்க மயிரை முன்னோக்கி வாரிக்கொண்டார் என்றால், நம்மவர் வெட்கப்பட என்ன இருக்கிறது?

புழுவெட்டு என்பது காசு வட்டமாக மயிர் கழன்று, தோல் மழமழப்பாக விடுதல். பெயருக்கேற்ப அங்கே புழு எதுவும் இல்லை. உடலின் காப்புச் சக்தியே வேரைத் தாக்குகிறது. இதற்கு வெங்காயம் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். பக்தாத் நகரில் இதனைச் சோதித்து 2002 இல் வெளியிட்டனர். வெங்காயச் சாறு பூசிய 23 பேரில் 20 பேருக்குச் சில வாரங்களில் மயிர் முளைத்தது. வெறும் நீர் பூசிய 15 பேரில் இருவருக்கே முளைத்தது. சிறிய சோதனைதான், புழுவெட்டு தானாக ஆறுவதும் உண்டு. எனினும் பாட்டிமாரின் வழக்கத்தை இகழ்தல் ஆகாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. தோல் எரிந்து சிவந்தால் நிறுத்திவிடுக.

குழந்தைகளின் தலையிலே செதிலுடன் மயிர் முறிந்து காணப்பட்டால் அது பெரும்பாலும் படர்தாமரை. அதற்கு வைத்தியர் தரும் உள்மருந்து வேண்டும். வீங்கிச் சீழ் கட்டும்வரை பார்த்திருந்தால் தழும்பு விழுந்து, அவ்விடம் வாழ்நாள் முழுவதும் வெறுமையாகிவிடலாம்.

செய்ய வேண்டியவை

முதலில் ஒரு தாளை எடுத்து, உதிர்வு தொடங்கிய மாதத்தையும் அதற்கு மூன்று மாதம் முன் வீட்டில் நடந்தவற்றையும் எழுதுக. காரணம் தெரிந்தால் உணவையும் உறக்கத்தையும் சீராக்கி, ஆறு மாதம் பொறுத்திருக்க. மாதம் ஒருமுறை பின்னலின் அடியை ஒரு நூலாற் சுற்றி அளந்து குறித்து வருக. மனம் சொல்லும் கணக்கைவிட நூல் சொல்லும் கணக்கு மெய்யானது. காரணம் தெரியாவிட்டாலும், ஆறு மாதங் கடந்தும் நிற்காவிட்டாலும், வட்டம் வட்டமாக விழுந்தாலும், தலை நொந்தாலும், களைப்பு உடன் இருந்தாலும் வைத்தியரிடம் செல்லுக. தைலத்துக்கு வைத்த பணத்திலே ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

கூந்தல் உடலின் நாட்குறிப்புப் போன்றது. அதில் எழுதியிருப்பதை எண்ணெயால் அழிக்க முயலாமல், படித்துப் பார்ப்பதே அறிவுடைமை.